பாலைநில வீட்டில் பழைய ஸ்டக்கோவை உரித்தெடுப்பது எப்படி?

ஸ்டக்கோ என்பது வீட்டின் வெளிச்சுவரில் போடும் சிமெண்ட், மணல், சுண்ணாம்புக் கலவைப் பூச்சு. செங்கல் சுவர்ப் பூச்சைக் கொத்திப் பழகியவர்கள் இதிலும் அதே கையோடு இறங்கிவிடுவார்கள். முதல் சிக்கல் அங்கேதான். வெளியே ஒரே மாதிரி தெரியும் ஸ்டக்கோவுக்குப் பின்னால் மரச்சட்டச் சுவர் இருக்கலாம், கான்கிரீட் பிளாக் இருக்கலாம், சுடாத மண்கல்லும் இருக்கலாம். மூன்றையும் உரிக்கும் விதம் வேறு. ஒன்றுக்குப் பொருத்தமான கருவி இன்னொன்றை இடித்துத் தள்ளிவிடும்.

இரண்டாவது சிக்கல் வெயில், காற்று, திடீர் மழை. ஒரு நாளில் எவ்வளவு உரிக்கலாம் என்பதை உங்கள் கைவலு முடிவு செய்யாது. அன்று மாலைக்குள் எவ்வளவு சுவரை மூட முடியுமோ அவ்வளவுதான் திறக்க வேண்டும்.

முழுதும் எடுக்கத்தான் வேண்டுமா?

மயிரிழை விரிசலுக்காக யாரும் ஸ்டக்கோவை உரிப்பதில்லை. பாலைநிலத்தில் பகல் வெப்பத்துக்கும் இரவுக் குளிருக்கும் 15 முதல் 20 டிகிரி செல்சியஸ் வரை வித்தியாசம் இருப்பது சாதாரணம். சுவர் தினமும் விரிந்து சுருங்கும், மெல்லிய கோடுகள் விழும். ஜன்னல் மூலைகளிலிருந்து சாய்வாக ஓடும் விரிசலும் பெரும்பாலும் அந்த வகைதான். அவற்றை அடைத்துச் சாயம் பூசினால் போதும்.

ஸ்குரூடிரைவரின் கைப்பிடியால் சுவர் முழுக்க ஓர் அடிக்கு ஒரு தட்டு தட்டிப் பாருங்கள். கெட்டியான சத்தம் வந்தால் பூச்சு பிடித்திருக்கிறது. 'டொப்' என்று வந்தால் பிடி விட்டிருக்கிறது. விட்ட இடங்களைச் சாக்பீஸால் வட்டமிடுங்கள். முடித்துவிட்டுப் பத்தடி தள்ளி நின்று பார்த்தால் நிலைமை புரிந்துவிடும். அங்கொன்றும் இங்கொன்றுமாக வட்டங்கள் இருந்தால் அந்த இடங்களை மட்டும் வெட்டி ஒட்டுப்போடலாம். ஜன்னல்களுக்குக் கீழே வரிசையாக இருந்தால் தண்ணீர் உள்ளே போகிறது என்று அர்த்தம். அந்தச் சுவரைத் திறந்தே ஆக வேண்டும். தரையோரம் முழுக்க இருந்தால் ஈரம் கீழிருந்து ஏறுகிறது. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: நுரைப்பலகைமேல் பூசிய மெல்லிய ஸ்டக்கோ எங்கே தட்டினாலும் 'டொப்' என்றுதான் சொல்லும். அதனால் தட்டிப் பார்த்ததை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள்.

பின்னால் என்ன இருக்கிறது?

கண்ணில் படாத ஒரு மூலையில், தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில், 30 செ.மீ. சதுரமாக ஓர் இடத்தைக் கையுளியால் திறந்து பாருங்கள். முதல் அடிக்கு முன்பே மூக்கு, வாய் மூடும் சுவாசக் கவசம் போட்டிருக்க வேண்டும். காரணம் அடுத்த பகுதியில். ஜன்னலுக்குக் கீழே இன்னொன்று திறந்தால் இன்னும் நல்லது. பூச்சின் கனத்தை அளந்து எழுதி வையுங்கள். பிறகு வெட்டும்போது இந்த எண்தான் உங்களைக் காப்பாற்றும்.

மூன்று அடுக்குப் பழைய ஸ்டக்கோ ஏறக்குறைய 22 மி.மீ. கனம் இருக்கும். அதற்குள் கம்பி வலை, பின்னால் ஈரம் தடுக்கும் தார்க் காகிதம், அதற்கும் பின்னால் ஒட்டுப்பலகை, மரச்சட்டம் என்று வரும். பல பழைய வீடுகளில் பலகையே இருக்காது. சட்டங்களுக்குக் குறுக்கே கம்பி இழுத்து, அதன்மேல் காகிதத்தை விரித்துப் பூசியிருப்பார்கள். அப்படியென்றால் உங்கள் பிளேடு பூச்சைத் தாண்டிய அடுத்த நொடி வெப்பத்தடுப்புப் பஞ்சிலோ மின்வயரிலோ இறங்கும். ஒற்றை அடுக்கு வகையில் 10 முதல் 13 மி.மீ. பூச்சும், அதன் பின்னால் ஓர் அங்குல நுரைப்பலகையும் இருக்கும். வலையும் காகிதமும் இல்லாமல் சாம்பல் நிறக் கல் தெரிந்தால் கான்கிரீட் பிளாக். மண்ணும் வைக்கோலும் உதிர்ந்தால் மண்கல்.

கொத்துவதற்கு முன் ஆய்வகம்

20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கட்டிய வீடுகளின் ஸ்டக்கோவில், மூச்சோடு உள்ளே போனால் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் நார் கலந்திருக்க வாய்ப்புண்டு. பின்னால் இருக்கும் பழைய தார்க் காகிதத்திலும் ஜன்னல் ஓர இடுக்கை அடைத்த மக்கிலும்கூட இருக்கலாம். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. குறைந்தது மூன்று இடங்களிலிருந்து, எல்லா அடுக்குகளும் வருமாறு மாதிரி எடுங்கள். எடுக்கும் இடத்தில் இரண்டு துளி பாத்திர சோப்பு கலந்த தண்ணீரைத் தெளித்து நனைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மாதிரியையும் தனித்தனி ஜிப் பையில் போட்டு இடத்தை எழுதி ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். காகிதத்தையும் ஒரு துண்டு சேருங்கள். ஆஸ்பெஸ்டாஸ் உண்டு என்று அறிக்கை வந்தால் வேலையை நிறுத்திவிட்டு உரிமம் பெற்றவர்களிடம் விட்டுவிடுங்கள். அந்தத் தூசு அடுத்த வீட்டுக்கும் போகும்.

சாயத்தில் ஈயமும் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் வீடுகளுக்கு ஈயச் சாயம் 1978-இல் தடை செய்யப்பட்டது. அதற்கு முந்தைய வீடு என்றால் இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு சோதியுங்கள்.

இந்த இரண்டும் இல்லாவிட்டாலும் சிலிக்கா இருக்கத்தான் செய்யும். மணல் கலந்த எதை வெட்டினாலும் கண்ணுக்குத் தெரியாத சிலிக்காத் தூள் பறந்து நுரையீரலில் தங்கும். கைவேலைக்கு என்95 முகக்கவசம் குறைந்தபட்சம். கிரைண்டர் பிடிக்கும்போது பி100 வடிகட்டி பொருத்திய அரைமுகக் கவசம் வேண்டும். தாடி இருந்தால் கவசம் முகத்தோடு ஒட்டாது.

எந்த மாதம், எந்தச் சுவர், எந்த நேரம்

குளிர்ந்த, வறண்ட மாதங்களைத் தேர்ந்தெடுங்கள். கோடையில் வெயில் மட்டும் பிரச்சினை இல்லை. பல பாலைநிலங்களில் மழையும் அப்போதுதான் வரும். அரிசோனாவில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 30 வரை பருவமழைக் காலமாகக் கணக்கிடுகிறார்கள். முதலில் புழுதிப் புயல், அதன் பின்னாலேயே கொட்டும் மழை. திறந்த சுவருக்கு இதைவிட மோசமான சேர்க்கை கிடையாது.

விடியும்போது தொடங்குங்கள். காலையில் மேற்குச் சுவர், பிற்பகலில் கிழக்குச் சுவர் என்று நிழலைத் தொடர்ந்து போங்கள். 15 முதல் 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு குவளை, அதாவது 240 மி.லி. தண்ணீர் குடியுங்கள். தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது. வறண்ட காற்றில் வியர்வை உடனே காய்ந்துவிடுவதால் எவ்வளவு இழந்தோம் என்பதே தெரியாது. வெயில் வேலைக்குப் புதியவரை முதல் நாளில் வழக்கமான நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கு மட்டும் வெயிலில் விட்டு, பிறகு நாளுக்கு நாள் கூட்டுங்கள். பக்கத்தில் இருப்பவர் பேச்சில் குழறினாலோ, கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னாலோ அது களைப்பு அல்ல, வெப்பத் தாக்கு. நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றிக்கொண்டே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

வீட்டைச் சுற்றி முதலில் செய்ய வேண்டியவை

அந்தச் சுவரில் ஓடும் மின்சாரத்தை மெயினில் நிறுத்துங்கள். கேஸ் குழாய், மீட்டர், வெளிக்குழாய்கள் எங்கே என்று குறித்துக்கொள்ளுங்கள். இடிப்பதற்கும் கழிவு கொட்டுவதற்கும் அனுமதி தேவையா என்று கேட்டுவிடுங்கள்.

ஏர்கூலர் விஷயத்தில் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். தண்ணீர் ஊற்றி ஓட்டும் பெரிய கூலர் வெளிக்காற்றை இழுத்துத்தான் வீட்டுக்குள் விடும். அது ஓடிக்கொண்டிருந்தால் நீங்கள் கிளப்பும் தூசு முழுக்கப் படுக்கையறைக்குள் போய்ச் சேரும். நிறுத்தி, மூடிக் கட்டுங்கள். ஏசியின் வெளி யூனிட்டையும் நிறுத்தி மூடுங்கள். மூடியபடியே ஓட்டினால் கம்ப்ரசர் போய்விடும். ஜன்னல், கதவு இடுக்குகளுக்கு டேப். தரையில் கனமான தார்ப்பாய், சுவரோரம் அதன்மேல் பழைய ஒட்டுப்பலகை. கூழாங்கல் பரப்பிய முற்றத்தில் பாய் விரிக்காமல் கொத்தினால் சிதறிய துண்டுகளைக் கல்லிலிருந்து பிரிக்கவே முடியாது.

கழிவின் எடையை முன்கூட்டியே கணக்குப் போடுங்கள். 22 மி.மீ. ஸ்டக்கோ ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 50 கிலோ. 100 சதுர மீட்டர் சுவர் என்றால் 5 டன். உடைத்துக் கொட்டினால் மூன்றரை கன மீட்டர்தான் வரும் என்பதால் வாடகைக் கழிவுப் பெட்டி பாதி காலியாகத் தெரியும். ஆனால் எடை வரம்பு எப்போதோ தாண்டியிருக்கும். பெட்டியை வாடகைக்கு எடுக்கும்போது கொள்ளளவைக் கேட்காமல் எடையைக் கேளுங்கள்.

மரச்சட்டச் சுவர்

தேவையானவை: 125 மி.மீ. கிரைண்டர், டைமண்ட் பிளேடு, தூசு உறிஞ்சும் மூடி, ஒன்றரைக் கிலோ சுத்தியல், ஒரு மீட்டர் நீளத் தட்டைக் கடப்பாரை, தகரக் கத்தரி, கம்பி வெட்டி, ஆணி பிடுங்கி. உயரத்துக்கு ஏணி வேண்டாம், சாரம் கட்டுங்கள். கடப்பாரை போட்டு நெம்பும்போது பூச்சுத் துண்டு சட்டென்று விடும். ஏணியில் நிற்பவர் அதோடு வந்துவிடுவார்.

சுவரில் 60 செ.மீ. சதுரங்களாகக் கோடு போடுங்கள். அப்படி ஒரு துண்டு 18 கிலோ வரும். இரண்டு பேர் தூக்க அது போதும். கிரைண்டரின் ஆழத்தை, முன்பு அளந்த கனத்துக்கு மேல் 2 மி.மீ. மட்டும் கூட்டி நிறுத்துங்கள். பலகை இல்லாத சுவரில் அந்த 2 மி.மீ.கூட வேண்டாம், கொஞ்சம் குறைத்தே வெட்டிவிட்டு மீதி வலையைக் கத்தரியால் வெட்டலாம்.

பிளேடு கம்பி வலையைத் தொடும்போது தீப்பொறி பறக்கும். பின்னால் காய்ந்த தார்க் காகிதம், வறண்ட மரம், சுற்றிலும் சருகு, கூடவே காற்று. உள்ளே புகுந்த பொறி வெளியே தெரியாமல் புகைந்துகொண்டிருக்கும். வெட்டும்போது ஒருவர் ஸ்பிரேயரால் கோட்டில் நீரைத் தெளித்துக்கொண்டே வரட்டும் (கிரைண்டருக்குக் கசிவு மின்சாரத் துண்டிப்பான் உள்ள இணைப்புதான்). தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். வெட்டி முடித்தபின் ஒரு மணி நேரம் யாராவது அங்கேயே இருங்கள். காற்று பலமாக வீசும் நாளில் கிரைண்டரைத் தொடாதீர்கள். இந்த நீர்த்தெளிப்பு தூசையும் அடக்கும், ஆனால் பாலைக் காற்றில் சில நிமிடங்களில் காய்ந்துவிடும். விடாமல் தெளிக்க வேண்டும். குழாயை வைத்துப் பீய்ச்சாதீர்கள், தண்ணீர் உள்ளே இறங்கிவிடும்.

மேல்வரிசையிலிருந்து தொடங்குங்கள். துண்டின் நடுவில் நாலைந்து அடி கொடுத்தால் பூச்சு நொறுங்கிப் பிடி தளரும். பிறகு ஓரத்தில் கடப்பாரையைச் செருகி, மரச்சட்டம் இருக்கும் இடத்தில் நெம்புங்கள். வலையைப் பிடித்திருக்கும் ஆணிகளும் ஸ்டேபிள்களும் அங்கேதான் இருக்கும். சட்டங்கள் பெரும்பாலும் 40 செ.மீ. இடைவெளியில் வரும். சட்டங்களுக்கு நடுவில் நெம்பினால் பலகைதான் உடையும். கீழே யாரும் நிற்கக் கூடாது என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை.

ஜன்னலைச் சுற்றி 8 செ.மீ. விட்டுவிட்டு வெட்டுங்கள். ஜன்னல் சட்டத்தை ஆணி அடித்துப் பொருத்திய விளிம்பு பூச்சுக்கு அடியில் ஓடும். கிரைண்டர் அதில் பட்டால் ஜன்னலையே மாற்ற வேண்டிவரும். அந்த ஓரத்தைச் சிறு உளியால் பொறுமையாக எடுங்கள். சுவரின் அரைவாசி நேரம் இங்கேதான் போகும், போகட்டும்.

கையுறை போடாமல் எந்தத் துண்டுக்கும் பின்னால் கைவிடாதீர்கள். பாலைநிலத் தேள்களுக்கு இந்த இடுக்கு மிகவும் பிடித்த இடம். இருட்டிய பிறகு புற ஊதா டார்ச் அடித்தால் தேள்கள் பச்சையாக மின்னும். முதல் நாள் மாலையே ஒரு சுற்று பார்த்துவிடலாம்.

கான்கிரீட் பிளாக்

இங்கே வலை கிடையாது. பூச்சு கல்லோடு நேரடியாகப் பிடித்திருக்கும். 3 முதல் 5 கிலோ எடையுள்ள ரோட்டரி ஹேமரில் 50 முதல் 75 மி.மீ. அகல உளியைப் பொருத்தி, சுழற்சியை நிறுத்தி, இடிப்பில் மட்டும் வைத்து, சுவரோடு சாய்வாகப் பிடித்துச் சீவுங்கள். நேராகக் குத்தக் கூடாது. 20 செ.மீ. பிளாக்கின் முகப்புத் தோல் சுமார் 32 மி.மீ.தான், உள்ளே வெற்றிடம். தரை உடைக்கும் பெரிய பிரேக்கரை இங்கே கொண்டுவந்தால் சுவரில் ஓட்டை விழும். பிடி விட்ட பகுதிகள் சுலபமாக வந்துவிடும். கெட்டியாகப் பிடித்திருக்கும் பகுதியோடு மல்லுக்கட்டாதீர்கள். அதை அப்படியே விட்டு, மேலே புதுப்பூச்சு போடுவது சுவருக்கும் நல்லது, தோளுக்கும் நல்லது.

கல்லில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் காய்ந்த பிரஷால் தேய்த்து எடுத்து அள்ளிவிடுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து மீண்டும் கல்லுக்குள் போய், புதுப்பூச்சைப் பொரிய வைக்கும்.

மண்கல் சுவர்

இருப்பதிலேயே நிதானம் தேவைப்படும் வேலை இது. மண்சுவர் ஈரத்தை இழுத்துத் திரும்ப வெளியே விடும். அதன்மேல் சிமெண்ட் பூச்சைப் போட்டால் விரிசலில் புகுந்த மழையும் தரையிலிருந்து ஏறிய ஈரமும் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கும். வெளியே பூச்சு பளபளப்பாக நிற்கும், உள்ளே மண் கரைந்துகொண்டிருக்கும். நியூ மெக்சிகோவின் ராஞ்சோஸ் டி தாவோஸ் ஊரிலுள்ள பழைய மண் தேவாலயத்துக்கு 1967-இல் சிமெண்ட் ஸ்டக்கோ பூசினார்கள். உள்ளே ஈரம் தங்கிச் சுவர் கெட்டதால் 1979-இல் அதை உரித்துவிட்டு மண்பூச்சுக்கே திரும்பினார்கள்.

எந்த மின்கருவியும் வேண்டாம். அதிர்வே மண்கல்லை உதிர்த்துவிடும். கையுளி, சிறு சுத்தியல், தகரக் கத்தரி போதும். பூச்சை உள்ளங்கை அளவுத் துண்டுகளாக உடைத்து, வலையைக் கத்தரித்து எடுங்கள். வலையைப் பிடித்திருக்கும் நீள ஆணிகளைப் பிடுங்காதீர்கள். ஒவ்வொரு ஆணியோடும் ஒரு பிடி மண் சேர்ந்து வரும். மெதுவாகத் திருகிப் பாருங்கள், வராவிட்டால் தலையை வெட்டிவிட்டு விடுங்கள். தூசுக்காக நீர் தெளிப்பதும் இங்கே கூடாது, கவசத்தை நம்புங்கள்.

தரையிலிருந்து இரண்டடி உயரம் வரை உள்ள பகுதியைக் கடைசியாகத் தொடுங்கள். அதற்கு முன் ஒரு சிறு இடத்தைத் திறந்து ஸ்குரூடிரைவரால் மண்ணைக் குத்துங்கள். வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கினால் வேலையை அங்கேயே நிறுத்துங்கள். அந்த நிலையில் சிமெண்ட் பூச்சும் சுமை தாங்கிக்கொண்டிருக்கக்கூடும். மொத்தமாக உரித்தால் சுவர் சரியும். மண்கட்டிடம் தெரிந்த பொறியாளரைக் கொண்டு முட்டுக்கொடுத்து, ஒரு மீட்டர் அகலம் திறந்து, பக்கத்து மீட்டரை விட்டு, அடுத்ததைத் திறந்து என்று மாற்றி மாற்றிப் போக வேண்டும். திறந்ததைக் காயவிட்டு, கரைந்த இடத்தில் புது மண்கல் வைத்துக் கட்டியபின்தான் அடுத்த பட்டை. இந்தச் சுவருக்குத் திரும்பவும் சிமெண்ட் பூசாதீர்கள். மண்பூச்சு அல்லது சுண்ணாம்புப் பூச்சுதான்.

திறந்த சுவரில் பார்க்க வேண்டியது, அன்றே மூட வேண்டியது

மரச்சட்டச் சுவரில் பழைய தார்க் காகிதம் தொட்டவுடன் பொடியாக உதிரும். பல வருட வெயிலில் அதன் எண்ணெய்ப்பசை காய்ந்துபோய்விடுவதால் இப்படி. முழுதும் எடுத்துவிடுங்கள். ஜன்னலின் கீழ்மூலைகளில் நீர் வடிந்த கறுத்த கோடுகள், கரையான் புற்று, விரலால் அழுத்தினால் அமுங்கும் பலகை ஆகியவற்றைத் தேடி, கெட்டதை வெட்டி மாற்றுங்கள். வெறும் துருப்பிடித்த வலை மட்டும் தரையோரம் தெரிந்தால் தோட்டத்துத் தெளிப்பானைப் பாருங்கள். மழையே இல்லாத ஊரில் சுவரை அழுகவைப்பது அநேகமாக அதுதான்.

பூச்சின் அடிவிளிம்பில் நீர் வடிவதற்கான தகரப்பட்டி இருக்க வேண்டும். மண் தரையிலிருந்து 10 செ.மீ., சிமெண்ட் தரையிலிருந்து 5 செ.மீ. மேலே அது நிற்க வேண்டும். அலங்காரக் கற்களை வருடா வருடம் கொட்டிக் கொட்டி அதைப் புதைத்திருப்பார்கள். புதுப்பூச்சுக்கு முன் கற்களைத் தோண்டி இறக்குங்கள்.

மாலைக்குள் மூடி முடிக்க நேரம் விட்டு உரிப்பதை நிறுத்தி, மூடும் வேலையைத் தொடங்குங்கள். புதிய காகிதத்தைக் கீழிருந்து மேலாக இரண்டு அடுக்கு போடுங்கள். மேல் வரிசை கீழ் வரிசையின்மேல் 5 செ.மீ. ஏறியிருக்கட்டும், பக்கவாட்டு இணைப்பில் 15 செ.மீ. வெறும் ஸ்டேபிளை நம்பினால் இரவுக் காற்று கிழித்துவிடும். அகலத் தொப்பி ஆணி அடித்து, மரச்சட்டத்தின்மேல் மெல்லிய மரப்பட்டிகளைத் தற்காலிகமாக அடியுங்கள். வெயிலில் இந்தக் காகிதம் சுருங்கி விறைத்துப்போகும் என்பதால் வாரக்கணக்கில் விட்டுவைக்காதீர்கள். எத்தனை நாள் வெயில் தாங்கும் என்று அதன் உறையில் போட்டிருக்கும். பூசுபவர் வரும் நாளை உறுதி செய்துகொண்டபின் உரிக்கத் தொடங்குவதே சரி.

மண்சுவருக்குக் காகிதம் கூடாது. மேலே கூரையோரத்திலிருந்து தார்ப்பாயைச் சுவரைத் தொடாமல் தள்ளித் தொங்கவிட்டு, கீழே பாரம் கட்டுங்கள்; காற்று உள்ளே ஓட வேண்டும்.

கழிவில் கம்பி வலையைத் தனியாக உருட்டி வையுங்கள், பழைய இரும்புக்குப் போகும். சிமெண்ட் துண்டுகள் வேறு பெட்டி. எல்லாம் அள்ளியபின் சக்கரம் வைத்த காந்தத்தைச் சுவரோரம் இரண்டு முறை, வண்டி போகும் பாதையில் ஒரு முறை உருட்டுங்கள். ஸ்டேபிள்கள் மணலின் நிறத்திலேயே துருப்பிடித்துக் கிடக்கும், கண்ணுக்குத் தெரியாது.